கிண்ணத்தில் வளர்ந்த என் கண்

குஜிலியம்பாறை,
செவ்வாய், காலை பதினொரு மணி.

எல்லாப் பாக்கியமும் வந்து சேர வேண்டிய என் தங்கச்சி மகள் கௌசல்யாவுக்கு, உன் தாய்மாமன் உடையப்பன் எழுதுவது. இங்கே நானும், உன் அத்தை புவனேஸ்வரியும், உன் அத்தான் மோகன்குமாரும், சினைப்பசுவும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும் உன் அம்மாவும் உன் மருந்துக்கடை வேலையும் அதேபோல இருக்கக் குலதெய்வம் காவல் நிற்கட்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய். கடுதாசி கேள்வி கேட்காது.

நீ என்ன சொன்னே? "மாமா, அத்தான் கண்ணுக்கு என்னன்னு தெரியட்டும், ரிப்போர்ட் வந்தப்புறம் கல்யாணத் தேதி குறிங்க"ன்னு சொன்னே. பதினாறு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்தாச்சு தாயி. எல்லாம் சுத்தம். தை மாசம் முகூர்த்தம். ஆனா அதை நான் எப்படி வாங்கினேன்னு நீ தெரிஞ்சுக்கணும். ஒன்பதாம் வகுப்பை வெளியே நின்னு பார்த்தவன் நான். இந்த ஜில்லாவில் டாக்டருக்குப் படிச்சவன்கூட இதைச் செஞ்சதில்லை.

மதுரையில் கண் ஆராய்ச்சி பண்ணுற இடத்தில் டெய்சின்னு ஒரு டாக்டரம்மா. மோகன் ரத்தத்தைப் பார்த்துட்டு, கண்ணு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அது கெடுக்குற மாத்தமா, சும்மா கிடக்குற மாத்தமான்னு சொல்ல முடியலைன்னாங்க. ரத்தத்தையே கேட்டுப் பாருங்களேன்னு யோசனை சொன்னேன். ரத்தம் அதைச் சொல்லாதாம். உடம்பு பூராவும் ஒரே புஸ்தகம்தானாம், ஆனா ஈரல் ஈரலுக்கு உள்ள பக்கத்தைத்தான் வாசிக்கும், கண்ணு கண்ணுக்கு உள்ள பக்கத்தைத்தான் வாசிக்கும், இந்தப் பக்கத்தைக் கண்ணைத் தவிர வேற எதுவும் வாய்விட்டு வாசிக்காதாம். உயிரோட இருக்கிறவன் கண்ணை வெட்டி எடுக்க முடியாதில்லையா, அதனால கைத்தோலில் மிளகளவு எடுத்து, அதைப் பழையபடி கருவில் இருந்த மாதிரி ஆக்கி, அதிலிருந்து கண்ணோட உள்திரையைக் கிண்ணத்தில் வளர்த்து, எந்த மரபணு எம்புட்டுச் சத்தமாப் பேசுது, எது ஊமையாயிருச்சுன்னு பார்ப்பாங்களாம். "பையனை உட்காரச் சொல்லுங்க"ன்னாங்க. நிச்சயம் ஆன பையன் உடம்பில் தாலி கட்டுற வரைக்கும் கத்தி படக்கூடாதுங்கிறது நம்ம வகையறாக் கட்டு; அதுக்காகவே பதினாறு மாசமா சவரம் பண்ணாமத் தாடியோட திரியுறான். நான் சட்டையை மடிச்சு என் கையை நீட்டினேன்.

"அய்யா, உங்க தோலு உங்களைப் பத்தித்தான் சொல்லும்" என்றார்கள்.

"அவன் என்ன கடையில வாங்குனதாம்மா? நான் பெத்ததுதானே, எடுங்க" என்றேன்.

தோல் கொடுத்த ஒன்பதாம் மாசம் அதைப் பார்க்கப் போனேன். உன் அத்தை, பிள்ளைத்தாச்சிக்குக் கட்டுற மாதிரி அஞ்சு வகைச் சோறு கட்டிக் கொடுத்தாள். உள்ளே விடலை, சோற்றை வாட்ச்மேன் ஞானதாஸ் தின்றார். எனக்குத் திரையில் காட்டினாங்க. ரோஸ் நிறத் தண்ணியில் கடுகு மாதிரி ஒரு உருண்டை, பளிங்கு மாதிரி விளிம்பு, அதில் தவிட்டு நிறத்தில் ஒரு பொட்டு. நான் இடது பக்கம் நகர்ந்தேன். பொட்டும் இடது பக்கம் வந்துச்சு. வலது பக்கம் போனேன். வந்துச்சு.

"அது பார்க்காது அய்யா. அதுக்கு மூளை கிடையாது."

"மூளை இல்லாமலே பாக்குறவங்க எங்க ஊர்ல நெறையப் பேரு இருக்காங்கம்மா."

சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. அன்னைக்கு இருந்து பகலில் கண்ணை மூடினா எனக்கு இருட்டு வர்றதில்லை. வெள்ளை வெளேர்னு ஒரு ரூமு வருது. மேலே கண்ணாடி மூடி. மூடி விலகுது, உறை போட்ட விரல் ரெண்டு இறங்குது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா அங்கே தண்ணி மாத்துற நேரத்துக்கு இங்கே என் கண்ணில் தண்ணி கொட்டும். போன மாசம் எரியோடு பஸ் ஸ்டாண்டில் வடை தின்னுக்கிட்டு இருக்கேன், அந்த ரூமு நடுவில் பிளந்து அணைஞ்சு போச்சு. மணி ரெண்டே முக்கால். போன் போட்டேன். "இப்பத்தான் உடைச்சோம் அய்யா, உள்ளே இருக்குற பேச்சைப் படிக்கணும்னா உடைச்சுத்தான் ஆகணும்"னாங்க. என்ன இருந்தாலும் என் கண்ணு. பதினாறாம் நாள் படையல் போட்டேன். காக்கா வந்துச்சு. சோத்தைத் தொடலை. செத்த நேரம் என் முகத்துக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துட்டுப் பறந்துருச்சு.

மோகனைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னா நம்பாதே. அவனுக்கு ராஜபார்வை; நேரா மட்டும்தான் பார்ப்பான். அவன் தக்காளி எடை போடுற ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி புரோக்கர் இஷாக், உச்சி வெயிலில் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்னு பத்து நிமிஷம் பேசியிருக்கார். இவன் எதிரில் இருந்த தக்காளிப் பெட்டியைப் பார்த்து, "யாருங்க பேசுறது?"ன்னு மரியாதையாக் கேட்டிருக்கான். "என்னப்பு, நான் மனுசனா காத்தா?"ன்னு இஷாக் வேர்த்துப் போய் வந்துட்டார். அன்னைக்கு இருந்து எடையில் அவன்கிட்ட ஒருத்தரும் வாதாடுறதில்லை.

ஆகவே தைரியமா முகூர்த்தப் புடவை எடுத்துக்கோ. உன் அம்மாவுக்கு என் அன்பு. நீயும் மோகனும் எதிர்ப்படுகிற கண்ணெல்லாம் குளிரும்படி வாழணும்.

இப்படிக்கு உன் மாமன்,
உடையப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் மோகன் வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்கு இடது பக்கம், ரெண்டு முழத்தில் இருக்கேன். "அம்மா, அப்பா எங்க போயிருக்காரு?"ன்னு கேட்டான். உன் அத்தை என்னைப் பார்த்தாள். நான் கடுதாசியைக் கவரிலிருந்து திரும்ப உருவினேன்.

ரிப்போர்ட் சுத்தம் இல்லை தாயி. அந்த எழுத்து கெடுக்குற எழுத்துதான். என் கண்ணில் பாதிப் பேச்சு ஊமையாத்தான் இருந்துச்சாம்; மீதிப் பாதி இருக்கிறதால நான் பார்க்குறேன். நானும் உன் அத்தையும் மாமன் மகன், அத்தை மகள். அந்தக் கெட்ட எழுத்தை ஆளுக்கு ஒண்ணுன்னு அவனுக்கு ரெண்டாக் கொடுத்துட்டோம். உன் அம்மா என்னோட ஒரே வயித்தில் பிறந்தவள். உன்கிட்டயும் ஒண்ணு இருந்தா, பிறக்குற பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி இதுதான்னு டெய்சியம்மா காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாங்க. படிப்பு ஏறலைன்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன். நல்லாவே ஏறுச்சு. வெள்ளை ரூமு, காக்கா எல்லாம் வழியில் நானாக் கோத்தது. புடவை எடுக்காதே. முதலில் மதுரைக்குப் போய் ரத்தம் கொடு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் அதுதான் கடைசி. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அவன் இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கான். பேனா உரசுற சத்தம் அவனுக்குக் கேட்டுருச்சு. "யாரு?"ன்னு கேட்குறான்.