மருமகளையும் கம்ப்யூட்டரையும் ஆடிக்கு அனுப்ப இயலாமை குறித்து

திருநகர்,
வெள்ளிக்கிழமை.

எழுமலையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி ஜெயபாண்டி அவர்களுக்கு, நல்லகாமன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மலையம்மாளும், மகன் அசோக்குமாரும், தங்கள் மகள் தமிழ்ச்செல்வியும் நலம். அங்கு தாங்களும் வீட்டாரும் மாடு கன்றுகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் எனக்கு நாக்குக் குழறும் என்பதால் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிச் சீரோடு வந்து மகளை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

தமிழ்ச்செல்விக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்து, திங்கள் காலை பத்து மணிக்குச் சேர வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. அதற்காக அவள் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வரவழைத்து, ஒரு ஸ்குரு டிரைவரோடு கூடத்தில் உட்கார்ந்து தானே பூட்டிவிட்டாள்; ஃபேன் ரெகுலேட்டர் மாற்றவே ஆள் கூப்பிடுகிற நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விண்டோஸ் ஏற்றினாள். அறுபத்து நான்கு சதவீதம் ஓடி அப்படியே உறைந்து நின்றது. அணைத்துத் திரும்ப ஏற்றினால் முப்பத்தொன்றில் நின்றது, பென்டிரைவை மாற்றினாலும் நின்றது. அசோக்குமார் கடைக்குத் தூக்கிப் போகலாம் என்றான், மலையம்மாள் திருஷ்டி என்றாள், நான் பழைய டிவிக்குச் செய்வதுபோல் ஒரு தட்டுத் தட்டலாமே என்று சொல்லி முறைப்பு வாங்கினேன். தமிழ்ச்செல்வி முகம் கோணவில்லை. இரண்டு மெமரிப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாள், ஓடியது. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கழற்றி வைத்ததைப் போட்டாள், நின்றது. நின்ற பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, இதுல சந்தனம் வச்சீகளா?"

வைத்தேன், சம்பந்தி. நம் பக்கம் புதுச் சைக்கிள் வந்தாலும் டிராக்டர் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுவதுண்டா? எல்லாப் பாகத்துக்கும் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவள் குளிக்கப் போன நேரம் ஒரே ஒரு பட்டைக்கு மட்டும், அதுவும் செருகினால் மறைந்துபோகும் ஓரத்தில், லேசாக வைத்தேன். அங்கே வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருந்தன, பார்க்க மங்களகரமாக இருந்தது. அந்தப் பற்கள் வழியாகத்தான் சகலமும் ஓடுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வேறு மருமகளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இவள் என் பென்சில் ரப்பரை வாங்கிப் பற்களைத் துடைத்து மாட்டினாள், நூறு சதவீதமும் ஓடி முடிந்தது. "அத்தைட்ட சொல்லமாட்டேன்" என்றாள், அவ்வளவுதான். இம்புட்டுப் பொறுமை எங்கள் வம்சத்திலேயே கிடையாது. தங்கள் வளர்ப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆகையால் இந்தப் பெட்டியை இனி ஓர் அங்குலம் நகர்த்தினாலும் ஆபத்து. எழுமலை ரோட்டில் குலுங்கினால் திரும்ப உறைந்துவிடும், திங்கட்கிழமை வேலையும் போய்விடும். எனவே இந்த ஆடிக்கு மகளை அனுப்ப இயலாததற்கு மன்னிக்க வேண்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
நல்லகாமன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நான் தபால்தலை வாங்கி வருவதற்குள் தமிழ்ச்செல்வி பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிவிட்டாள். "குலுங்குனா மறுபடி கழட்டி மாட்டிக்கிறேன் மாமா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அப்பா காத்துக்கிட்டு இருக்க வேணாம், நானே இப்பப் போயிட்டு வாரேன்" என்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டு வருகிறாள். அவள் இல்லாமல் ஒரு மாதம் இந்த வீட்டில் எனக்குப் பொழுது போகாது, சம்பந்தி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இரண்டு பக்கம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினேன். ஆவணி ஒன்றாம் தேதி முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன்.