ரெஜிபோம் கட்டியும் ஒமேகா அடிகளும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்கள் நகரவில்லை. தேரும் இல்லை, தேர்தலும் இல்லை. ஒமேகா அடிகள் வருகிறார். கல்யாண மண்டபத்து வாசலில் தொடங்கிய வரிசை கடற்கரைப் பக்கம் வரை போனது.

அடிகள் முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றவர். வடிகட்டி விலைபோகாததும் ஞானம் வந்தது. இப்போது விற்பது மந்திரித்த ஒமேகா மீன் எண்ணெய். மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டியைக் கரைக்குமாம்; வராதவருக்கு வரவே விடாதாம். சைவக்காரர் நிறைந்த வெள்ளவத்தையில் மீன் எண்ணெயா என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. நூற்றெட்டுத் தரம் மந்திரம் ஓதினால் எண்ணெயை விட்டு மீன் வெளியேறிவிடும் என்று அடிகள் சொல்லியிருந்தார். எங்கே போகும் என்று சொல்லவில்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு அந்தச் சங்கடமும் இல்லை. ஒமேகா என்ற எழுத்தை, ஈஸ்டருக்குக் கோயிலில் ஏற்றும் பாஸ்கா மெழுகுதிரியில் பார்த்திருந்தார்கள்; நம்மட ஆள்தான் என்று பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி மரியகொறற்றி. இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அவளுக்கு ஊசிக்குப் பயம், எண்ணெய்க்குப் பயமில்லை. அந்த நாளைத் தவறவிட்டு, மூன்று மாதமாகக் காலையும் மாலையும் எண்ணெய் குடித்தாள்.

அவளுடைய தம்பி மனைவி றேணுகா அழகுநிலையம் நடத்துகிறவள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவளும் அவள்தான். மீன் சாப்பிட்டால் இந்த நோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அப்படியொன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன, வந்த கட்டியைக் கரைக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை என்றாள். போன கூட்டத்தில் மேடையிலே கட்டி கரைந்ததை நான் கண்ணால் கண்டேனே என்றாள் கொறற்றி. அப்படியானால் நானும் வந்து காண்கிறேன் என்று றேணுகா அன்று கூடவே வந்தாள்.

மேடையில் கண்ணாடிக் குவளை நிறைய மஞ்சள் எண்ணெய். டிவிப் பெட்டிக்குள் உடையாமல் இருக்க அடைத்து வருகிற வெள்ளை நுரைக்கட்டியான ரெஜிபோமை உருண்டையாக வெட்டி, சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார் அடிகள். அதுதான் கட்டியாம். குவளைக்குள் போட்டு மணியை ஆட்டினார். பத்து நிமிடத்தில் உருண்டை கூழாகிப் போனது. மண்டபமே கண்ணீர் விட்டது. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் கனகேஸ்வரி எழுந்து நின்று கும்பிட்டார். ஆயுள் முழுக்க ஒவ்வொரு கையெழுத்தையும் இரண்டு தரம் சரிபார்த்த அம்மா அவர்.

சந்தேகம் உள்ளவர்கள் மேடைக்கு வரலாம் என்று அடிகள் வழக்கம்போல் அழைத்தார். வழக்கமாக யாரும் போவதில்லை. றேணுகா போனாள். கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, வெறும் குவளையில் ஊற்றி, அடிகளின் தட்டிலிருந்தே ஓர் உருண்டையை எடுத்துப் போட்டாள். அது சீறிக்கொண்டு அடங்கிப்போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது நகத்தில பூசின கியூடெக்ஸ் சாயத்தை அழிக்கிற தண்ணி. நான் ஒரு மந்திரமும் சொல்லேல்லை."

அடிகள் சிரித்தார். அது நஞ்சு, இது மருந்து, உடம்புக்குள் இருப்பதை என் எண்ணெய்தான் கரைக்கும் என்றார். றேணுகா அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தாள். பொலித்தீன் பையை அவிழ்த்து ஒரு துண்டுக் கோழிச் சதையை எடுத்தாள்.

"மனுசருக்குள்ள வாறது ரெஜிபோம் இல்லை ஐயா, சதை. இதைக் கரைச்சுக் காட்டுங்கோ."

சொல்லிக்கொண்டே எண்ணெய்க்குள் போட்டாள். அடிகள் மணியை ஆட்டினார். பத்து நிமிடம் போனது. அரை மணி நேரமும் போனது. கோழி போட்டபடியே கிடந்தது, கொஞ்சம் மினுக்கம் கூடியிருந்தது. கடைசியில் அடிகள் கையை உயர்த்தி, புனிதமான மண்டபத்துக்குள் மச்ச மாமிசம் வந்துவிட்டது, அந்தத் தீட்டில் சக்தி போய்விட்டது என்று முழங்கினார்.

"நீங்கள் இவ்வளவு காலமும் வித்தது மீன் எண்ணெய், ஐயா," என்றாள் றேணுகா.

அப்போதுதான் முன்வரிசைக்கு நினைவு வந்தது. இரண்டு பேர் வாய் கொப்பளிக்க ஓடினார்கள். கட்டி கரையாததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்; மீன் வெளியேறாததைப் பொறுக்க முடியவில்லை. கதிரைகள் விழுந்தன. அடிகள் பின்கதவால் போய் ஓட்டோ பிடித்தார்.

கனகேஸ்வரி மட்டும் றேணுகாவைத் தேடி வந்தார்.

"பிள்ளை, அந்தக் கியூடெக்ஸ் தண்ணி நல்ல கெதியாக் கரைக்குது. ஒரு நாளைக்கு எத்தினை கரண்டி?"

றேணுகா தலையில் கையை வைத்தாள். பிறகு, கதிரையை விட்டு எழும்பாமல் இருந்த கொறற்றியின் பக்கத்தில் போய் இருந்தாள்.

"மூண்டு மாசத்தை விட்டிட்டன் றேணுகா. இதுக்குள்ள பெருத்திருக்குமோ?"

"தெரியாது மச்சாள். நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அங்கே என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மேடையில் ஒருவன் எதையாவது கரைத்துக் காட்டினால், கை கூப்புவதற்கு முன், நீ கரைக்கிறது என்னத்தையடா என்று கேளுங்கள். கேட்க அரை நிமிடம் போதும். கேட்காமல் விட்டதற்குக் கொறற்றி மூன்று மாதம் கொடுத்திருக்கிறாள்.