விரல் பரிசோதனைக்கு உங்கள் மச்சானைக் கூட்டிப்போன விவரம்

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
12-3-1974

சேசுவுக்கே புகழ்.

பாசமுள்ள பெரியண்ணன் வேதநாயகம் அவர்களுக்குத் தங்கை ஆரோக்கியசெல்வி பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். ராயபுரத்தில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உங்கள் மச்சான் மட்டும் சுகமில்லை. சுகமில்லை என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை.

விஷயம் கூச்சமானது, அண்ணன். மூன்று மாதமாக அவருக்கு ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு. அடிக்கடி ஓடுகிறார், போனாலும் விட்டு விட்டுத்தான் வருகிறது. அக்கரையில் ஹேடோவில் கப்பல் சாமான் இறக்குகிற வேலைக்கு தினம் ஃபெர்ரியில்தானே போகணும், ஒருநாள் பாதிக் கடலில் "படகைத் திருப்பு" என்று படகோட்டுகிற சாரங்கு நூருல்லா பாயிடம் சண்டை போட்டிருக்கிறார். படகே சிரிச்சுதாம். மறுநாளே அக்கரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டர் வங்காளத்துக்காரர். "உங்லி சே தேக்னா படேகா", விரலாலே பார்க்கணும்னார். இவர் உடனே போன வருஷம் சாமான் தூக்கற வின்ச்சிலே நசுங்கின கட்டைவிரலை நீட்டி, "இப்போ வலியில்லே சாப்" என்கிறார்! உன் விரல் இல்லே, என் விரல், அதுவும் பின்பக்கமா உள்ளேன்னு டாக்டர் கையுறையை எடுத்துக் காட்டினதும், மனுஷன் செருப்பைக்கூட மாட்டாம ஓடிட்டார்.

நான் ஓடலை. உட்கார்ந்து கேட்டேன். மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட்னு ஒரு சுரப்பியாம். வயசானா வீங்குமாம், முக்கால்வாசிப் பேருக்குப் பயமில்லையாம். கல்லாட்டம் கெட்டியா இருந்தாத்தான் புற்றுநோயோன்னு பார்க்கணுமாம். "எக்ஸ்ரே எடுக்கக்கூடாதா சாப்?"னேன். எக்ஸ்ரேயிலே எலும்புதான் தெரியும், இந்தச் சதை தெரியாதுன்னார். "சந்திரன்லேருந்து கல்லைப் பொறுக்கிட்டு வர்றாங்க, நெல்லிக்காய் அளவு இடத்தைப் பார்க்க ஒரு மெஷின் இல்லையா?"ன்னு கேட்டேன். "உன் பேரன் காலத்திலே வரலாம் அம்மா. இன்னைக்கு இருக்கிற மெஷின் இதுதான்"னு விரலைக் காட்டினார்.

இருக்கிற மெஷினை விடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். இரண்டு தரம் கூப்பிட்டேன், இரண்டு தரமும் ஓட்டம். மூணாவது, நேரே நூருல்லா பாய்கிட்டே போய், ஆஸ்பத்திரிச் சீட்டு காட்டாம இந்த ஆளைப் படகிலே ஏத்தாதீங்கன்னேன். "கவலையை விடுங்க தங்கச்சி, என்னாலேயும் தினம் படகைத் திருப்ப முடியாது"ன்னார். அன்னைக்குச் சாயங்காலம் இவர் வேலை முடிஞ்சு வீடு திரும்பப் படகேற வர்ற சாத்தாம் ஜெட்டியிலே நானும் போய் நின்னேன். இவர் "இது சர்க்கார் படகு!"ன்னு கத்தறார், பாய் "சீட்டு?"ன்னு கையை நீட்டறார். இவரை விட்டுட்டு ரெண்டு படகு போயிடுச்சு. அப்புறம்தான் என் பக்கத்திலே வந்து மெதுவா, "பயமா இருக்கு செல்வி. இருக்குன்னு சொல்லிட்டா?"ன்னார்.

"சொன்னா மெட்ராஸ் போவோம். சொல்லாட்டியும் அது உள்ளேதானே இருக்கும்?"னேன்.

வந்தார். அரை நிமிஷ வேலை, அண்ணன்! ஒரு பக்கம் கெட்டியா இருக்காம். ஊசியிலே துளி சதை எடுத்து மெட்ராஸில் சோதிக்கணும்னு சீட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது படகிலே அவர் என் கையை விடவே இல்லை. நானும் விடலை. எதுவாயிருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அடுத்த வேலை.

23-ந் தேதி இருவரும் கப்பல் ஏறுகிறோம். துறைமுகத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப்போகவும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாகச் சும்மா உட்கார்ந்தால் போதும். அண்ணிக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும்.

தங்கள் அன்புத் தங்கை,
ஆரோக்கியசெல்வி

பின்குறிப்பு: சும்மா உட்கார வேண்டாம், அண்ணன். ஐம்பத்தைந்து தாண்டின ஆம்பிளை எல்லாரும் இப்படி விரலால் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். உங்களுக்கு அறுபத்தொன்று. வரிசையில் உங்கள் மச்சானுக்கு முன்னால் நீங்கள். ஓடலாம் என்று நினைக்காதீர்கள். அண்ணிக்குத் தனிக் கடிதம் நேற்றே போட்டுவிட்டேன்.