புளியமரத்து பேண்டு செட்டு

"மாஸ்டர், நம்ம மரத்தை ஏலம் வுடறாங்களாம்!" என்று டிரம் அடிக்கும் தாவீது ஓடி வந்தபோது நடேசன் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புப் புளியமரம்தான் அவருடைய பேண்டு செட்டுக்கு ஆபீஸ். கல்யாணமோ திருவிழாவோ, சுற்றுவட்டாரம் முழுக்க அந்த நிழலுக்கு வந்துதான் பேண்டுக்கு அச்சாரம் கொடுக்கும். மரம் போனால் பிழைப்பும் போச்சு.

பஞ்சாயத்துத் தலைவர் கறாராகச் சொன்னார்: "தெரு விளக்குக்குப் பணம் வோணும் நடேசா. அடிவிலை அம்பது ரூபா. எடுக்கறவன் வெட்டினாலும் சரி, வச்சிக்கினாலும் சரி."

"அவ்ளோதானே? வாசிச்சே வசூல் பண்ணிடறேன்."

மறுநாளே சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியுமாக எட்டுப் பேர் கிளம்பினார்கள். "இன்னிக்கி வெட்டினா விறகு, நாளைக்கி வெயிலுக்கு எங்க போவே?" என்று தாவீது டிரம்மை அடித்துக்கொண்டே, தானே கட்டிய பாட்டைப் பாடினான். சாயங்காலத்துக்குள் அறுபது ரூபாய் சேர்ந்துவிட்டது.

தம்பட்டம் அடித்தால் சும்மா இருக்குமா ஊர்? அதுவரை அந்த மரத்தை ஏறிட்டும் பார்க்காத செங்கல் சூளை பரசுராமன் வந்து, அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார். "அடேயப்பா, எவ்ளோ விறகு!" என்றார். தலைவர் உடனே அடிவிலையை நூற்றைம்பதாக்கினார்.

"எல்லாம் உன் டிரம்மாலதான்டா!"

"நீ ஊதினது மட்டும் இன்னா மாஸ்டர், தாலாட்டா?"

மறுபடி ஊர் ஊராகப் போனார்கள். இந்த முறை நடேசன் உஷார். "எதுக்கு வசூல்னு கேட்டா மரத்துக்குத் தண்ணி ஊத்த, வேலி கட்டன்னு சொல்லு. நாமதான் ஏலம் கேக்கறோம்னு தெரிஞ்சா பரசுராமன் வீம்புக்கே ஏத்துவான்."

பென்னலூரில் பெண்கள் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொத்தம் முந்நூறு சேர்ந்தது.

ஏலத்தன்று தாவீது தலைப்பாகையும் கூத்துக்காரரிடம் வாங்கிய ஒட்டுத்தாடியுமாக நின்றான். மற்றவர்கள் டீக்கடைக்குள் ஒளிந்திருந்தார்கள்.

ஏலம் இருநூறைத் தாண்டியதும், "கட்டாதுப்பா" என்று துண்டை உதறிக்கொண்டு பரசுராமன் போய்விட்டார். நடேசனுக்கு உச்சி குளிர்ந்தது.

"இருநூத்தம்பது!" என்றார் கூட்டத்திலிருந்து ஒரு மீசைக்காரர்.

"சூளைக்காரன் ஆள்தான்! வுடாதே!" என்று டீக்கடையிலிருந்து நடேசன் சைகை காட்டினார்.

"முந்நூறு!"

"முந்நூத்தம்பது!"

நடேசன் கல்யாண மோதிரத்தையே கழற்றித் தூக்கிக் காட்டினார். "நானூறு!" என்று தாவீது அலறினான்.

"நானூத்தஞ்சு!"

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மரம் கைவிட்டுப் போயிற்று.

கடைசியாக மரத்துக்கு ஒரு வாசிப்பாவது வாசிக்கலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு எட்டுப் பேரும் நிழலில் நின்றார்கள். நடேசனுக்கு ஊதவே வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் வந்தார்.

"எப்ப வெட்டப் போறீங்க ஐயா?"

"வெட்டறதா? நல்லா கேட்ட போ! நான் பென்னலூர் கோதண்டராமன். உங்க பாட்டைக் கேட்டதிலருந்து எம் பொண்டாட்டிக்குச் சோறு எறங்கலே. மரத்தைக் காப்பாத்துன்னு ஊரே கூடி என்னை அனுப்பிச்சுது. எவனோ ஒரு தாடிக்காரப் பாவி, வெலையை ஏத்தி வுட்டுட்டான்!"

தாவீது கையிலிருந்த தாடியை டிரம்முக்குப் பின்னால் ஒளித்தான்.

நடேசன் மரத்தைத் தடவிப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை. "மகராசனா இருங்க! அவ்ளோ பணம் ஏதுங்க ஐயா?"

"ஆடித் திருவிழாவுக்கு மூணு நாளும் உன் பேண்டு செட்டை வைக்கணும்னு எடுத்து வச்சிருந்தோமே, அந்தப் பணம்தான்!"