அஞ்சாம் தலைமுறைக்கு அப்பா பேரு

மழையளவு அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. கூடவே தலைமையகத்துலேர்ந்து ஒரு சுற்றறிக்கையும் வந்துச்சு: "ஐந்தாம் தலைமுறைக் கணினி மட்டுமே அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். முந்தைய தலைமுறைகள் இனங்காணப்பட்டுக் கழிக்கப்படும்."

மேலாளர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பெட்டி மேல 'ஐந்தாம் தலைமுறை'ன்னு அச்சடிச்சிருந்தா மட்டும் போதுமா? நாளைக்கு நாலாம் தலைமுறை ஒண்ணு அதே மாதிரி ஒட்டிக்கிட்டு வந்து நின்னா? அதனால முன்னோர் விவரம் தாக்கல் பண்ணாம பெட்டியைப் பிரிக்கக் கூடாதுன்னு குறிப்பு எழுதிட்டார்.

விவரம் சொல்ல அங்க ஒரே ஆள்தான், கணக்கு அக்கா. கல்யாணம் ஆகி மூணு வருஷமா அவங்க ஒரு ஊரு, வீட்டுக்காரர் ஒரு ஊரு. அந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு இப்பதான் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள மேலாளர் விடுவிக்கலேன்னா அது செல்லாது. மேலாளரோ பெட்டி விவகாரம் முடியட்டும்னுட்டார்.

திங்கட்கிழமை அக்கா மூச்சுவிடாம ஒப்பிச்சாங்க. முதல் தலைமுறை ஒரு அறை பெருசு, உள்ள பல்பு பல்பா எரியும். அடுத்தது டிரான்சிஸ்டர் வச்சது. மூணாவதுல சிப்பு வந்துச்சு. நாலாவதுல மொத்த மூளையும் நகத்தளவு சிப்புக்குள்ள அடங்கிடுச்சு. அஞ்சாவது தானே யோசிக்கும்னு சொல்லிக்கிறாங்க. மேலாளர் அப்பா, தாத்தான்னு கட்டம் போட்டு எழுதிக்கிட்டே போனார். மேல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு.

"முதல் தலைமுறைக்கு அப்பா பேரு?"

"மெஷினுக்கு முன்னாடி மனுஷங்கதான் சார் உக்காந்து கணக்குப் போட்டாங்க. அவங்களைத்தான் முதல்ல கம்ப்யூட்டர்னு கூப்பிட்டாங்க."

"அந்த வம்சத்துல யாராச்சும் இப்ப இருக்காங்களா?"

அக்கா செஞ்ச தப்பு இதுதான், பெருமையா பதில் சொல்லிட்டாங்க. "நான்தான் சார். நாப்பது ஊரு மழையையும் கையாலதானே கூட்டுறேன்."

மேலாளர் எழுந்து வந்து, மேசை நாற்காலிக்கு ஒட்டுற தளவாட நம்பர் சீட்டு ஒண்ணை அக்கா தோள்ல ஒட்டினார்.

முந்தைய தலைமுறை இனங்காணப்பட்டது. இனி கழிக்கணும். மாற்றலைப் பத்தி அக்கா கேட்டதுக்கு, மாற்றல் ஊழியருக்குத்தான், தளவாடத்துக்கு இல்லைன்னு பொறுமையா விளக்கினார். அக்கா விடலை. கூட்டின கணக்குக்குக் கீழ 'சரிபார்த்தேன்'னு கையெழுத்து போடுற எல்லாருமே கணக்குப் போட்டவங்கதானேன்னு கேட்டாங்க. மேலாளர் நியாயஸ்தர். தன் தோள்லயும் ஒரு சீட்டு ஒட்டிக்கிட்டார். சாயங்காலத்துக்குள்ள பதினோரு பேர் தோள்லயும் நம்பர் ஏறிடுச்சு.

பழைய சாமான் வியாபாரிக்குக் கடிதம் போடுறதும் அக்கா வேலைதான். அக்கா யோசிச்சு, வீட்டுக்காரர் இருக்கிற ஊரு வியாபாரிக்கே போட்டாங்க.

வெள்ளிக்கிழமை அந்த வியாபாரி வேனோட வந்தார். பதினோரு பேரும் வரிசையா நின்னாங்க. முதல்ல அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடிச்சுப் பிடிச்சு நடுவிரல் காய்ச்சுப் போயிருந்துச்சு, நகத்துல மை. தலையாட்டினார். அடுத்து மேலாளர் கை.

"அண்ணே, எங்க கடையில பழசுதான் எடுப்போம்."

"நானும் பழசுதாம்பா. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்."

"இருக்கலாம்ணே. ஆனா ஒரு தேய்மானமும் இல்லையே. ஓடின சரக்கா இருந்தாத்தான் உள்ள ஏதாச்சும் கழட்ட முடியும்."

மிச்ச ஒன்பது பேர் கையையும் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். 'ஒன்று கழிக்கப்பட்டது'ன்னு ரசீது எழுதிக் கொடுத்துட்டு, அக்காவை வேன்ல முன் சீட்ல உக்கார வச்சுக் கிளம்பிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கலை.

மேலாளர் நேர்மையா அறிக்கை அனுப்பினார்: மீதம் பத்து, உபயோகிக்கப்படாதவை. மறு தபால்லயே தலைமையகம் பதில் போட்டுச்சு: "உபயோகிக்கப்படாத தளவாடம் புதியதாகவே கருதப்படும். புதியது ஐந்தாம் தலைமுறையாகும்." ஏற்கெனவே பத்து இருக்கேன்னு பெட்டியில வந்ததைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அதனால, நீங்க மழைக் கணக்கு கேட்டு ஜன்னலுக்கு முன்னாடி நின்னு, சார் சார்னு எவ்வளவு கூப்பிட்டும் உள்ள யாரும் நிமிரலேன்னா கோவிச்சுக்காதீங்க. அவங்க எல்லாம் அஞ்சாம் தலைமுறை. இன்னும் உறை பிரிக்கலை.