மார்ச் மாதப் பக்கத்திலுள்ள மூக்கு

லைடன்,
பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய மைத்துனர் பாஸ்தியான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள்; சென்ற அக்டோபரில் தங்கள் பிறந்தநாளன்று தாங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்ட எவரும் தங்கள் நுரையீரலைப் பற்றி ஐயம் கொள்ள மாட்டார். கேக்குக்கு நன்றி. ஆளுக்கு ஒரு துண்டு, போதுமானதாயிருந்தது.

அன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அனைவரும் அமர்ந்திருக்க, நான் சற்றே எழுந்து தங்கள் கழிப்பறைக்குச் சென்றதும், அங்கே எதிர்ச்சுவரில் தொங்கிய பிறந்தநாள் நாட்காட்டியில் மார்ச் மாதத்துக்குரிய படமாக என் மனைவியும் தங்கள் தமக்கையுமாகிய ஹெஸ்டர் இருந்ததும், அவளைவிட முன்னதாக அவளுடைய மூக்கு இருந்ததும், நான் திரும்பி வந்து அமர்வதற்குள் தாங்கள் முழு வட்டமும் கேட்க, "என்ன மச்சான், மார்ச்சப் பாத்தியா? மூக்கு மட்டும் பிப்ரவரிலயே வந்துடுச்சு போல" என்று வினவியதும் தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருக்கிறது. கிழமைகள் அச்சிடாத நாட்காட்டி என்பதால் அது ஆண்டு முடிவில் கழற்றப்படுவதன்று. தாங்கள் அதை அச்சிட்டு எங்களைத் தவிர எல்லா உறவினர்க்கும் வழங்கியிருப்பதால், நம் நாட்டு வழக்கப்படி குடும்பத்தின் பதினொரு கழிப்பறைகளில் அந்த மூக்கு எங்கள் ஆயுள் உள்ளவரை தொங்கும். அப்படத்தை என் கணினியிலிருந்து என் அனுமதியின்றி எடுத்தவர் தாங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

படத்தில் பிழை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கேமரா வாங்கிய முதல் வாரம், காலையுணவு மேசையில், ஹெஸ்டர் சாக்லேட் தூவிய ரொட்டியைக் கடிக்கப்போன நேரத்தில், இருபத்துநான்கு மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸால் எடுத்தது. நான் டெல்ஃப்ட்டில் நில அளவையியல் பயின்றவன். முப்பது ஆண்டுகளாகத் தூரத்தை அளந்து சம்பளம் வாங்குபவன். அன்று அவள் முகத்துக்கும் எனக்கும் இடையே இருந்தது நாற்பது சென்டிமீட்டர். அவ்வளவு அருகில் போனால் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். குற்றம் மூக்கினுடையதன்று, லென்ஸினுடையதும் அன்று, தூரத்தினுடையது. ஆகவே ஹெஸ்டரின் அடுத்த பிறந்தநாளான மார்ச் 14-க்குள் அவளுக்கு உரிய மூக்குடன் ஒரு படம் எடுத்து, பதினொரு இடங்களிலும் மாற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். முகத்துக்கென்றே செய்தது என்றார் கடைக்காரர். லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து வைத்தால் பின்னணி கரைந்துவிடும் என்றும் சொன்னார். கரைந்தது. ஹெஸ்டரின் இடது கண்ணும் கரைந்தது. வலது கண் இமைமுடி எண்ணுமளவு தெளிவு, இடது கண் நவம்பர் பனிமூட்டம். "இந்தக் கண்ணு உன்ன என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். துளையைச் சற்றுச் சுருக்கியிருந்தால் போதும் என்பதை இப்போது அறிவேன். அப்போதோ, தள்ளிப்போனால் மூக்கு சிறுக்கிறது, அப்படியானால் இன்னும் தள்ளிப்போனால் இன்னும் நல்லது என்று கணக்கிட்டு, இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டேன். அதற்கு ஐந்து மீட்டராவது வேண்டும். எங்கள் முன்னறை நாலு மீட்டர். எனவே ஹெஸ்டரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். கண்ணாடியில் நிறுத்திவைத்த சைக்கிள்களெல்லாம் பிரதிபலித்து, அவள் நெற்றியில் ஒரு சக்கரம் விழுந்தது. இடம் மாற்றி, கோணம் மாற்றி, கடைசியில் பாலத்தைக் கடந்து கால்வாயின் எதிர்க்கரையில் கேமரா முக்காலியை நட்டேன்.

எங்கள் தெருவில் எவரும் திரை போடுவதில்லை. அதனாலேயே எவரும் எந்த வீட்டுக்குள்ளும் பார்ப்பதில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் முழங்கை நீள லென்ஸால், அதுவும் எதிர்க்கரை வீட்டுத் திருமதி டெர்ஹோர்ஸ்ட்டின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர் கதவைத் திறந்தார்.

"ரூலாஃப், யாரு வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குற?"

"என் வீட்டுக்குள்தான். என் மனைவியை."

"உள்ள போய்ப் பாக்க விடமாட்டேங்குறாளா?"

விளக்க முற்பட்டேன். மூக்கு, தூரம், விகிதம் எல்லாம் சொன்னேன். அவர் என் தோள்வழியே ஹெஸ்டரைப் பார்த்துக் கையசைத்தார், ஹெஸ்டரும் கையசைத்தாள், அந்தப் படமும் வீணாயிற்று. பிறகு என் செல்பேசி ஒலித்தது.

"அரை மணி நேரமா சிரிச்சிக்கிட்டே இருக்கேன், தாடை வலிக்குது. எங்கதான் இருக்க நீ?"

"எதிர்க்கரையில். அசையாதே."

"காப்பி ஆறுது, ரூலாஃப்."

ஆறட்டும் என்றேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆறியது. ஆறாவது ஞாயிறன்று, மேகம் மூடிய சீரான வெளிச்சத்தில், பதினாறு மீட்டர் தூரத்திலிருந்து, இரு கண்ணும் தெளிவாக, மூக்கு தன் இடத்தில் தன் அளவில் அமர்ந்திருக்க, அப்பழுக்கற்ற படம் ஒன்று கிடைத்தது. பதினொரு பிரதிகள் தயார். தாங்கள் எழுத்துவடிவில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அடுத்த பிறந்தநாள் வட்டத்தில் அதை உரக்கப் படிக்கவும் வேண்டும். படங்களைத் தங்களை நம்பி அனுப்பமாட்டேன். கத்தரிக்கோலும் பசையும் எடுத்துக்கொண்டு நானே வருவேன். பதினொரு வீடுகளிலும் முன்கூட்டியே நேரம் குறித்தாயிற்று. தங்களுக்கு மார்ச் 2, காலை பத்தரை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். எல்லா நலமும் அமைதியும் தங்கள் இல்லத்தில் நிலைக்கட்டும், கழிப்பறை நீங்கலாக.

இங்ஙனம்,
ரூலாஃப்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஹெஸ்டர் இக்கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அவன் எடுக்கல. நான்தான் குடுத்தேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். புதிய படத்தை மேசைமேல் வைத்தாள். "இதுல நான் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கேன். அதுல நீ பக்கத்துல இருக்க. என் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் ஆராய்ந்தேன். அவள் கூற்றில் அளவைப் பிழை ஏதும் இல்லை. ஆகவே மேற்கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். குறித்த நேரங்களை மாற்ற இயலாது; காப்பி குடிக்க வருவேன். நான் வரும்போது எங்களுக்கும் ஒரு நாட்காட்டி எடுத்து வைக்கவும். எங்கள் கழிப்பறையில் ஆணி அடித்தாயிற்று; உட்கார்ந்தவரின் முகத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர்.