கல்லறைச் சுவரோரம் எரிந்த பச்சை விளக்கு

திருவனந்தபுரம்,
5 ஜூன் 1954.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஞானபாய் அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் ராஜபாய் பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, பசு, கன்று எல்லோரும் தேவகிருபையால் சுகம். கார் சுகமில்லாமல் கிடந்தது. இப்போது அதுவும் சுகம். நாகர்கோவிலில் மழை பிடித்துவிட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் நான் போட்ட கார்டு கிடைத்திருக்கும். "ராஜபாய் வேலைக்குப் போவதில் அவருக்கு வருத்தம் இருக்காது" என்று மாமாவைப் பற்றி அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதும்படி உங்களைக் கெஞ்சியிருந்தேன். காரணத்தை எழுதக் கார்டில் இடமில்லை. இடமிருந்தாலும் தபால்காரர் படித்துவிடுவாரே என்ற வெட்கம். இனி அந்த வரி வேண்டாம் அத்தை. ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

திரவியம் மாமா தவறிப்போன பிறகு நீங்கள் நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்தபோது காரை அப்பாவிடம் ஒப்படைத்தீர்கள் அல்லவா, அதோடு மாமாவும் பாதி சேர்ந்தே வந்துவிட்டார். பின்சீட்டில் வலது பக்கம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை, அதில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை. கதவைத் திறந்தால் முதலில் அவருடைய மூக்குப்பொடி வாசனை இறங்கும், அதற்குப் பிறகுதான் நாங்கள் ஏறுவோம். அவர் வைத்த சட்டங்களும் அப்படியே இருக்கின்றன. எங்கே நிறுத்தினாலும் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும், பெட்ரோல் வீணாகக் கூடாது. நம் சபைக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் தொடங்கியதும் வண்டியை நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டும், சுவர் முடியும்வரை மூச்சுவிடலாம், பேசக் கூடாது. முன்பு மாமா தம் தகப்பனாருக்காகக் குறைத்தார். இப்போது அப்பா மாமாவுக்காகத் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குறைக்கச் சொல்கிறார். டிரைவர் ஐயப்பண்ணன் இந்த ஊரில் வேகத்தைக் குறைக்கும் ஒரே இடம் அதுதான். மற்ற இடங்களில் மாடுகள்தான் அவருக்கு ஒதுங்கிக்கொள்ளும்.

பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர் வேலைக்கு எனக்கு உத்தரவு வந்ததே, அன்று சாயங்காலம் தலைமையாசிரியை அம்மாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல். கல்லறைச் சுவருக்கு மேலே சிலுவைகள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. வண்டி குறைந்தது. அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பும்போது எரிந்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிற விளக்கு அது. ஓடும் வண்டியில் அது எரிந்து நான் பார்த்ததில்லை. ஐயப்பண்ணனின் தாடை கீழிருந்து பச்சையாகத் தெரிந்தது. விளக்கு இரண்டு முறை சிமிட்டியது, பிறகு சிமிட்டாமல் எங்களையே பார்த்தது. சுவர் முடிந்தது, வண்டி வேகம் எடுத்தது, விளக்கு அணைந்தது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.

"சாரே, இது எண்ணெய் வத்தினா எரியப்பட்ட லைட்டு," என்றார் ஐயப்பண்ணன், சுவர் தாண்டியதும். "காலம்பற கம்பி விட்டுப் பாத்தேன். எண்ணெய் நெறைய உண்டு."

"பின்ன எதுக்குடே எரியுது?"

"அறியாது சாரே. இவிட வரும்போ மட்டுமாக்கும்."

அப்பா மெதுவாகத் திரும்பி, எனக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். நான் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன்.

என் பரீட்சை முடிவு வந்த அன்று மாமா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: "படிச்சது போதும். நான் இருக்கப்பட்ட காலம் இந்தப் பிள்ள சம்பளத்துக்குப் போகப்பிடாது." அந்தக் காலம் கிறிஸ்துமசுக்கு முன்பே முடிந்துவிட்டது, அப்பாதான் முடிய விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைகால் கூடக் கழுவாமல், "அத்தானுக்குச் சம்மதமில்ல, எலிசா. கண்ணைத் திறந்து காட்டிட்டாரு. வேலை வேண்டாம்ணு எழுதிப் போட்டிருவோம்" என்றார்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பச்சை எரிஞ்சா ரயிலே போவுது. எம் பிள்ள போகப்பிடாதா?" என்றாள்.

"நீ சும்மா கெட. அத்தான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?"

வருகிற திங்கட்கிழமை நான் சேராவிட்டால் வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் அத்தை. நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நானும் அதற்குக் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா என்று அழுகை வந்தது. அப்போதுதான் உங்களுக்குக் கார்டு போட்டேன்.

வேறு வழியாகப் போனால் என்ன என்று ஐயப்பண்ணன் கேட்டார். "அத்தானை ஏமாத்தச் சொல்லுதியாடே?" என்று அப்பா சீறினார். ஆனால் மறுநாள் கடைக்குப் போகும்போது தாமே பழவங்காடி வழியாகப் போகச் சொன்னார். பிள்ளையார் கோயில் முன்னால் ஒரே கூட்டம். தேங்காய் உடைத்த தண்ணீர் ரோடு வரை ஓடியது. நகரவும் முடியாமல், எஞ்சினை அணைத்து நிற்கவும் முடியாமல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. பயத்தில் அப்பா "பிள்ளையாரே!" என்றார், ஐயப்பண்ணன் "ஏசுவே!" என்றார். இதை நம் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று வருஷம் படித்த பௌதிகத்தை முன்சீட்டுக்குக் கேட்கும்படி சொல்ல எனக்கு அன்றுதான் வாய் வந்தது. "ஐயப்பண்ணா, வண்டிய நகத்தாம எஞ்சினை மட்டும் வேகமா ஓட விடுங்க" என்றேன். விளக்கு அணைந்தது. "இப்ப விடுங்க." எரிந்தது. மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் அப்படியே.

"அப்பா, இது எஞ்சின் மெதுவா ஓடினா எரியுது. நாம அங்க மட்டுந்தான் மெதுவாப் போறோம். அதனாலதான் அங்க எரியுது. கல்லறைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல."

"மோளே, அதுதான நானும் சொல்லுதேன்," என்றார் ஐயப்பண்ணன். "ஓடினா ஒளியுது, நின்னா முழிக்குது. பேய்க்க லெச்சணம் அதாக்கும்."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "அப்பம் அத்தான் தோட்டத்துல இல்ல. வண்டிக்குள்ள இருக்காரு" என்றார். நான் விளக்கம் சொன்னதன் பலன் இதுதான். அன்று முதல் அந்தப் பள்ளத்தின் மேல் வெளுத்த துண்டு ஒன்று விரிக்கப்பட்டது. வண்டி திரும்பும்போதெல்லாம் அந்தத் துண்டு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து என் பக்கம் வரும். நான் அதைத் தொடாமல் நகர்ந்துகொள்வேன்.

கடைசியில் அம்மாதான், "பேயோ, திரவியம் அண்ணனோ, யாராயிருந்தாலும் ஒருக்கா தங்கப்பன் மேஸ்திரிகிட்டக் காட்டுங்க. காட்டாம எம் பிள்ளைக்க வேலைய வேண்டாம்ணு எழுதினா நான் எங்க அம்ம வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அப்பா பேய்க்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. கரமனையில் அவருடைய ஆற்றங்கரைக் கார்ப் பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி கம்பியை உருவி எண்ணெயைப் பார்த்தார், சரியாக இருந்தது. எஞ்சின் பக்கவாட்டில் விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளைச் சுவிச்சு. அதில் மாட்டியிருந்த வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது, ஆகவே வயரில் கோளாறு இல்லை. பிறகு சுவிச்சையே திருகி எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்தில் கடிகாரம் போன்ற ஒரு மீட்டரை முறுக்கி எஞ்சினை ஓட்டினார். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் முள் அசையாமல் நின்றது.

"எண்ணெய் நல்ல அழுத்தமா ஓடுது. எஞ்சினு கல்லு மாதிரி இருக்கு. இந்தச் சுவிச்சுக்குள்ள ஒரு தகடு உண்டு, எண்ணெய் தள்ளினா அது விலகி லைட்ட அணைக்கணும். அது வெறைச்சுப் போச்சு. லேசாத் தள்ளினா அதுக்குத் தெரிய மாட்டேங்குது. வேற மாத்தணும்."

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு ஆளு... செத்த பொறவு... இதுக்குள்ள இருக்க முடியுமாடே?" என்று கேட்டார்.

மேஸ்திரி சுவிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எறும்பு நுழைய எடமில்ல சார். திரவியம் சாரு அந்த ஒடம்போட எங்க இருப்பாரு?"

புதுச் சுவிச்சு கொல்லத்திலிருந்து வர வேண்டும், வந்ததும் மாட்டித் தருகிறேன், வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்றார். நேற்று ஐயப்பண்ணன் பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாராம். வண்டி கழுவித் துடைத்து, சாவியோடு, வாசலில் தயாராக நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் சுவிச்சு பளபளவென்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் மூவரும் புறப்பட்டோம். மழை விட்டிருந்தது, சுவரில் பாசி மட்டும் ஈரமாக மின்னியது. வண்டி குறைந்தது. விளக்கு எரியவில்லை. அப்பா, "நிறுத்துடே. எஞ்சினை அணைக்காத" என்றார். மாமாவின் சட்டத்தை அப்பா தாமே உடைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் கேட்டைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்: "அத்தான், பிள்ள திங்கக்கெழம வேலைக்குப் போகுது. ஒங்களுக்குச் சம்மதந்தான?"

எஞ்சின் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அப்பால் ஈர இலைகள்கூட அசையவில்லை. ஐயப்பண்ணன் விளக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். அது இருட்டாகவே இருந்தது, தூங்குகிறவரின் மூடிய கண்போல.

"போட்டும்ணு சொல்லியாச்சு," என்றார் அப்பா. "வண்டிய எடு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன் அத்தை. புதுச் சுவிச்சு யார் எதைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அப்பா சந்தோஷமாக இருக்கிறார், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஒரு பித்தளைத் துண்டுக்காக உங்களைப் பொய் எழுத வைக்கவும் தேவையில்லாமல் போனது. படித்த பெண்ணாக இருந்துகொண்டு உங்களுக்கு அப்படி ஒரு கார்டு போட்டதற்கு வெட்கப்படுகிறேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அம்மா உங்களுக்கு வாழைக்காய் வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். அப்பா தம் அன்பைச் சொல்லச் சொன்னார். உங்கள் ஜெபத்தில் என் வகுப்பறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; நாற்பது பிள்ளைகள் முன்னால் என் குரல் எழும்ப வேண்டும்.

கீழ்ப்படிதலுள்ள,
ராஜபாய்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கப்பன் மேஸ்திரி வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. "கொல்லத்துலேருந்து சுவிச்சு இப்பந்தான் வந்துது. ஐயப்பன் சொல்லாமக் கொள்ளாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். எண்ணெய் ஒழுகாம இருக்கப் பழசத்தான் தொடச்சுத் திருப்பி மாட்டியிருந்தேன். லைட்டு எரிஞ்சுட்டே இருக்குமே?" என்றார். எரியவில்லை என்றேன். "எரியாம இருக்காதே" என்று தாமே போய்ச் சாவியைத் திருப்பினார். விளக்கு பச்சையாக எரிந்தது. எஞ்சினைக் கிளப்பினார். அணைந்தது. எவ்வளவு மெதுவாக ஓட்டியும் எரியவில்லை. துடைத்ததில் தகடு இளகியிருக்குமோ என்று கேட்டேன். தகடு உள்ளே அடைபட்டிருக்கிறது, துடைக்கிற துணி அதை எட்டாது என்றார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆகவே அத்தை, மேலே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அந்த ஒரு வரியைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அப்பா பேருக்கு அல்ல. என் பேருக்கு.